மலர்ப் பக்கத்திலிருந்து வேர்டு கோப்புக்கு: வடிவமைத்த அச்சுப் பக்கங்களைத் திருத்தக்கூடிய ஆவணமாக மாற்றும் முழு வழிகாட்டி

கும்பாபிஷேக மலர், கோவில் புள்ளிப் பட்டியல் (கோவிலைச் சேர்ந்த குடும்பங்களின் பட்டியல்), மணிவிழா மலர், படைப்பு வீட்டு (முன்னோரை வழிபடும் வீடு) வரலாறு என்று செட்டிநாட்டில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று அச்சாகிக்கொண்டே இருக்கிறது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பக்கம் கட்டுவார்கள், பல வேலைகள் சிவகாசியில் அச்சாகும். பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த கும்பாபிஷேகம் வரும்போது, "பழைய மலரை வேர்டில் கொடுங்கள், பெயர்களைத் திருத்திச் சேர்க்க வேண்டும்" என்று கமிட்டி கேட்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பக்கம் அப்படியே வேர்டுக்குள் வராது. இன்டிசைன், பேஜ்மேக்கர், கோரல்டிரா மூன்றிலும் எழுத்து தனித்தனிச் சட்டங்களுக்குள் நிலையாக நிற்கிறது. வேர்டில் அது ஒரே ஓட்டமாக ஓடுகிறது. தோற்றத்தைப் பிடிக்கப் பார்த்தால் நூற்றுக்கணக்கான உரைப்பெட்டிகள் நிறைந்த கோப்புதான் மிஞ்சும். அதில் ஒரு பெயரைச் சேர்த்தால் பக்கமே கலைந்துவிடும். எனவே எழுத்தை மட்டும் சுத்தமாக எடுத்து, வேர்டின் ஸ்டைல்களைக் கொண்டு பக்கத்தைப் புதிதாகக் கட்டுங்கள். சுற்றுவழிபோலத் தெரியும், ஆனால் நேரம் குறைவாக ஆவது இதில்தான்.

கையில் இருப்பது என்ன?

அச்சகத்திடம் முதலில் கேட்க வேண்டியது ஓப்பன் ஃபைல், அதாவது வடிவமைத்த மூலக் கோப்பு. அதோடு பயன்படுத்திய எழுத்துருக்களையும் சேர்த்துக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் பிடிஎஃப். அதுவும் இல்லையென்றால் அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்ய வேண்டியதுதான். இந்த வரிசையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் வேலை பல மடங்கு கூடும்.

பிடிஎஃப் வந்தால் அது எந்த வகை என்று பாருங்கள். ஒரு வரியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்க முடிகிறதா? அக்ரோபாட் ரீடரில் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் என்று போனால் எழுத்துருப் பட்டியல் இருக்கிறதா? பட்டியல் காலியாக இருந்தால் எழுத்தெல்லாம் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு ஓவியமாக மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது முழுப் பக்கமும் படம். சிவகாசிக்கு அனுப்பும்போது எழுத்துருச் சிக்கல் வராமலிருக்க கர்வ்ஸ் செய்து அனுப்பும் வழக்கம் பரவலாக உண்டு. அப்படிப்பட்ட கோப்பில் எழுத்து என்று எதுவுமே இல்லை, அதை ஸ்கேன் செய்த பக்கமாகவே கருத வேண்டும். கர்வ்ஸ் செய்வதற்கு முந்தைய கோப்பு வடிவமைத்தவரின் கணினியில் இருக்கக்கூடும். இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

மூலக் கோப்பிலிருந்து எழுத்தை எடுத்தல்

இன்டிசைனில் டைப் கருவியால் உரைக்குள் கர்சரை வைத்த பிறகே ஃபைல், எக்ஸ்போர்ட் பட்டியலில் ரிச் டெக்ஸ்ட் ஃபார்மட் (ஆர்டிஎஃப்) தெரியும். கர்சர் வெளியே இருந்தால் அந்தத் தெரிவு வராது. ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு ஸ்டோரி மட்டுமே வெளிவரும். அதாவது ஒன்றோடொன்று இணைத்த சட்டங்களில் ஓடும் உரை மட்டும். மலர் என்றால் வாழ்த்துரை, கட்டுரை, படவிளக்கம் எல்லாம் தனித்தனி ஸ்டோரிகள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்கிரிப்ட்ஸ் பேனலில் மாதிரி ஸ்கிரிப்டுகளோடு "எக்ஸ்போர்ட் ஆல் ஸ்டோரீஸ்" இருக்கிறது. அது எல்லா ஸ்டோரிகளையும் ஆர்டிஎஃப் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும். ஆனால் கோப்புப் பெயர்களின் வரிசை பக்க வரிசை அல்ல. அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தக் கோப்பு எந்தப் பக்கம் என்று எண் கொடுத்துவிடுங்கள்.

ஓவர்செட் உரையைக் கவனியுங்கள். சட்டத்தில் அடங்காமல் சிவப்புக் கூட்டல் குறிக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் எழுத்தும் எக்ஸ்போர்ட்டில் சேர்ந்தே வரும். முந்தைய பதிப்பின் கோப்பை வைத்தே புதிய மலரைக் கட்டியிருந்தால், நீக்கியதாக எண்ணிய பழைய பெயர்கள் அங்கே ஒளிந்திருந்து புதிய பட்டியலுக்குள் நுழைந்துவிடும். கோவில் வரிப் பட்டியலில் இப்படி ஒரு பெயர் ஏறினால் கமிட்டிக்குப் பதில் சொல்லி மாளாது.

பேஜ்மேக்கர் கோப்பு என்றால், பேஜ்மேக்கர் ஓடும் கணினி கிடைப்பதே நல்லது. உரைக்குள் கர்சர் வைத்து எக்ஸ்போர்ட் மூலம் ஆர்டிஎஃப் எடுக்கலாம். அது இல்லையென்றால் இன்டிசைன் சிஎஸ்6 பேஜ்மேக்கர் 6.5, 7.0 கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறக்காது. பழைய சிஎஸ்6 கணினி வைத்திருப்பவர் ஒருவரை ஊரில் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கோரல்டிராவில் பாராகிராஃப் டெக்ஸ்ட் ஒழுங்காக வரும். ஆர்ட்டிஸ்டிக் டெக்ஸ்ட்டாகத் தட்டியிருந்தால் ஒவ்வொரு வரியும் தனித் துண்டாக இருக்கும், வரிசைப்படி கையால் நகலெடுக்க வேண்டியிருக்கும்.

தலைப்பில் நடுவே நிற்கும் பிள்ளையார் சுழி பெரும்பாலும் எழுத்தாக இருக்காது, படமாகவோ கர்வாகவோ இருக்கும். எந்த வழியில் எடுத்தாலும் அது காணாமல்போகும். கடைசியில் "உ" என்று தட்டிச் சேர்த்துவிட மறக்காதீர்கள், பெரியவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பழைய எழுத்துருவை யூனிகோடாக்குதல்

மொத்த வேலையில் கடினமான பகுதி இது. பழைய தமிழ் எழுத்துருக்கள் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற குறியேற்றத்தை ஆளுக்கொரு விதமாக வைத்திருந்தன, யூனிகோடு எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியேற்றம். ஆர்டிஎஃப்பை வேர்டில் திறந்ததும் தமிழ் சரியாகத் தெரிந்தால் ஏமாந்துவிட வேண்டாம், எழுத்துரு கணினியில் இருப்பதால் அப்படித் தெரியலாம். ஒரு வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு. ஆங்கில எழுத்துக் குவியலும் சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளியும் வந்தால் பாமினி வகை, அதில் மெய்ப்புள்ளி அமர்ந்திருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். தலையில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் பின்னக் குறிகளும் வந்தால் டிஸ்கி, டாப், டாம் போன்ற எட்டுபிட் குறியேற்றம். டாப், டாம் இரண்டும் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தரமாக்கப்பட்டவை. வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ போன்றவை தங்களுக்கென்று தனி அமைப்பு வைத்திருந்தன.

ஒரே மலரில் தலைப்பு ஸ்ரீலிபியிலும் உடல் உரை வானவில்லிலும் இருப்பது சாதாரணம். இன்டிசைனில் டைப், ஃபைண்ட் ஃபான்ட் போனால் முழுப் பட்டியல் கிடைக்கும். மாற்றத் தொடங்கும் முன் எந்த எழுத்துருவுக்கு எந்தக் குறியேற்றம் என்று தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள் போதும், பரவலான குறியேற்றங்கள் எல்லாம் அதில் உண்டு.

மாற்றும் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. வேர்டில் ஆட்டோகரெக்ட்டை முழுதாக நிறுத்துங்கள். வாக்கியத் தொடக்கத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி பாமினி உரையில் வேறொரு தமிழ் எழுத்தையே கொண்டுவந்துவிடும். மேற்கோள் குறியை வளைக்கும் வசதியும் அப்படித்தான்.

2. தலைப்பு எழுத்துருவுக்கு அடையாளம் போடுங்கள். ரீப்ளேஸ் பெட்டியில் தேடும் இடத்தைக் காலியாக விட்டு, ஃபார்மட், ஃபான்ட் வழியாக எழுத்துருப் பெயரைக் கொடுத்து, மாற்றும் இடத்தில் ■^&□ என்று தட்டுங்கள். அந்த எழுத்துருவில் உள்ள பகுதியெல்லாம் இரண்டு கட்டங்களுக்கு நடுவே வந்துவிடும். சதுர அடைப்போ நட்சத்திரமோ வேண்டாம், பழைய எழுத்துருக்களில் அந்த இடங்களிலும் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும்.

3. ஆங்கிலச் சொற்களுக்கும் இதேபோல் வேறோர் அடையாளம். டிஸ்கியும் டாபும் இருமொழிக் குறியேற்றங்கள், அவற்றில் ஆங்கிலம் தப்பிவிடும். பாமினியில் தப்பாது, பட்டப்படிப்பும் மின்னஞ்சல் முகவரியும் பொருளற்ற தமிழாக மாறி நிற்கும்.

4. யுடிஎஃப்-8 வடிவில் வெறும் உரையாகச் சேமித்து, எழுத்துரு வாரியாக மாற்றுங்கள்.

முகவரிப் பட்டியல் என்றால் வேறு வழி எடுங்கள். முதலில் எக்செல்லில் நெடுவரிசைகளாகப் பிரியுங்கள். பெயர், ஊர் இரண்டு நெடுவரிசைகளை மட்டும் மாற்றியில் போட்டு, தொலைபேசியையும் மின்னஞ்சலையும் தொடாமல் விடுங்கள். சிக்கலில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

நோட்பேடில் வெறும் கட்டங்களாக வந்தால், அந்த எழுத்துரு குறியீட்டு எழுத்துருவாகப் பதிவானது. ஒவ்வோர் எழுத்தின் எண்ணும் 61440 கூடியிருக்கும். சிறிய மேக்ரோ ஒன்றால் அதைக் கழித்துவிட்டால் வழக்கமான குறியேற்றம் திரும்பும். ஒரே ஓர் எழுத்து மட்டும் நூல் முழுக்கக் காணாமல் போயிருந்தால், அது மென்கோடு (சாஃப்ட் ஹைஃபன்) அல்லது பிரியா இடைவெளியின் (நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்) இடத்தில் அமர்ந்த எழுத்தாக இருக்கும். இடையில் ஏதோ ஒரு மென்பொருள் அதை விழுங்கியிருக்கிறது. விழுங்காத வழியில் மறுபடி எடுப்பதே தீர்வு.

யூனிகோடு பிடிஎஃப்பின் தனிக் குணம்

யூனிகோடு எழுத்துருவில் செய்த பிடிஎஃப் சுலபமாக வரும் என்றே எல்லோரும் நினைப்பார்கள். பல நேரம் பழைய எழுத்துரு பிடிஎஃப்பைவிட இது மோசமாக வரும். பிடிஎஃப் எழுத்தைக் கண்ணில் படும் வரிசையில் வைக்கிறது. யூனிகோடில் ெ, ே, ை மூன்றும் மெய்க்குப் பின்னால் வர வேண்டும், தாளில் முன்னால் நிற்கின்றன. நகலெடுத்தால் "ேகாவிலூர்", "ைவரவன்பட்டி" என்று வரும்.

சோதிக்க நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்களின் பெயர்களே போதும். மாத்தூர், இரணியூர் தவிர மற்ற ஏழிலும், அதாவது இளையாத்தங்குடி, வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி அனைத்திலும் இந்தக் குறிகளில் ஒன்று இருக்கிறது. கோவில் மலர் எதுவானாலும் இந்தப் பெயர்கள் அகப்படும்.

திருத்துவதற்கு நோட்பேட்++ திறந்து, ரீப்ளேஸ் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தெரிவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேடு: ([ெேை])(க்ஷ|[க-ஹ])
மாற்று: $2$1

க்ஷ முதலில் இருப்பது வேண்டுமென்றே. இல்லாவிட்டால் க்ஷேத்திரம் என்ற சொல் உடைந்துபோகும், கோவில் மலரில் அது பக்கத்துக்குப் பக்கம் வரும். அடுத்ததாக:

(ெ)(ா) என்பதை ொ ஆக,
(ே)(ா) என்பதை ோ ஆக,
(ெ)(ௗ) என்பதை ௌ ஆக மாற்றுங்கள்.

கண்ணுக்கு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இதைச் செய்யாவிட்டால் "கோவில்" என்று தேடும்போது பாதி இடங்கள் கிடைக்காது.

முதல் மாற்றத்தை ஒரே ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். இரண்டாம் முறை ஓட்டினால் சரியாகிவிட்ட வைரவன்பட்டி "வரைவன்பட்டி" ஆகும், நேமம் "நமேம்" ஆகும். சரியான உரையும் கலைந்த உரையும் கலந்த கோப்பில் இதை ஓட்டவே கூடாது. கலைந்த பகுதியை மட்டும் தனிக் கோப்பில் வைத்து ஓட்டுங்கள்.

கு, து, நு போன்ற கூட்டு வடிவங்கள் வெற்றிடமாகவோ வேறு எழுத்தாகவோ வந்தால் எந்த மாற்றத்தாலும் சரிசெய்ய முடியாது. அந்த வடிவம் எந்த எழுத்து என்ற குறிப்பே கோப்புக்குள் இல்லை. நேரத்தை வீணாக்காமல் பக்கத்தைப் படமாக்கி ஓசிஆருக்கு, அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருளுக்குப் போங்கள்.

அக்ரோபாட் ப்ரோவில் நேரடியாக வேர்டுக்கு எக்ஸ்போர்ட் செய்வதானால், அமைப்பில் ரீட்டெய்ன் ஃப்ளோயிங் டெக்ஸ்ட் தெரிவைப் போடுங்கள். ரீட்டெய்ன் பேஜ் லேஅவுட் உரைப்பெட்டிகளைக் குவித்துவிடும். வேர்டு 2013 முதல் பிடிஎஃப்பை நேராகவும் திறக்கலாம். லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்தால் உரை துண்டு துண்டாக வரும், இந்த வேலைக்கு ஆகாது.

உடைந்த வரிகளை ஒட்டுதல்

பிடிஎஃப்பிலிருந்து வரும் உரையில் ஒவ்வொரு வரி முடிவிலும் பத்திக்குறி இருக்கும். ஆங்கிலத்தில் இவற்றை இடைவெளியாக மாற்றினால் பெரும்பாலும் போதும். தமிழ் அச்சில் இணைகோடு போடாமலேயே சொல்லை வரி முடிவில் உடைப்பார்கள். எனவே இடைவெளி போட்டு ஒட்டினால் "கும்பாபி ஷேகம்", "திருப்ப ணிக்குழு" என்று வரும்.

இதற்குத் தமிழ் இலக்கணமே கைகொடுக்கும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ண, ன, ற, ழ, ள வரிசைகளிலும் தொடங்காது. ஆகவே அப்படித் தொடங்கும் வரி முந்தைய வரியின் மீதி.

தேடு: ^([ணனறழள]|[க-வ]்)
மாற்று: →$1

பிறகு உரையை வேர்டில் ஒட்டி, பத்திக்குறியும் → குறியும் அடுத்தடுத்து வரும் இடங்களை ஒன்றுமில்லாமல் ஆக்குங்கள். பத்திக்குறியை ரீப்ளேஸ் பெட்டியின் ஸ்பெஷல் பட்டியலில் எடுக்கலாம். ஸ்ரீ என்று தொடங்கும் வரிகள் இதில் சிக்காது, வரம்பு வ எழுத்தோடு நின்றுவிடுகிறது. க்ஷ, ப்ர என்று தொடங்கும் வடசொற்கள் சிக்கும், அவற்றைக் கண்ணால் பாருங்கள். எல்லா உடைவும் இதில் அகப்படாது. மிச்சத்தை மெய்ப்புப் பார்க்கும்போதுதான் பிடிக்க வேண்டும்.

உண்மையான பத்தி முடிவுகளுக்கு முன்கூட்டியே ஓர் அடையாளம் இட்ட பிறகே மற்ற பத்திக்குறிகளை இடைவெளியாக்குங்கள். பட்டியல் பக்கங்களைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஒரே பத்தியாகிவிடும்.

ஸ்கேன் செய்த பக்கம்

300 டிபிஐ, சாம்பல் நிறத்தில் போதும். எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் 400. தடித்த மலரில் நடு மடிப்பு ஓரம் வளைந்து வரும், அந்த வளைவில்தான் ஓசிஆர் அதிகம் தடுமாறும். பிரித்துக் கட்டக்கூடிய பிரதி இருந்தால் கட்டைப் பிரித்தே ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு நெடுவரிசையாக அச்சான பக்கத்தை முதலில் நீளவாக்கில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் இடது வரியும் வலது வரியும் கலந்து வரும். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் ஓசிஆர் நன்றாகவே வருகிறது. இணையம் இல்லாமல் செய்ய டெசராக்ட் இருக்கிறது, தமிழ்த் தரவுக் கோப்பைச் சேர்த்து நிறுவ வேண்டும்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்கள் வேறு ரகம். பழைய வடிவ ணை, லை, றா, னா எழுத்துகளை ஓசிஆர் அடிக்கடி தவறாகப் படிக்கும். யூனிகோடில் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் குறியீடு ஒன்றே, சரியாகப் படித்துவிட்டால் தனியாக மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. ஒரு பக்கத்தைச் சோதித்துப் பார்த்து பிழை மிகுந்திருந்தால் தட்டச்சு செய்துவிடுவதே லாபம். கோட்டையூர் ரோஜா முத்தையா தேடித்தேடிச் சேர்த்த பழைய அச்சுகள் இன்று சென்னையில் அவர் பெயரிலான நூலகத்தில் இருக்கின்றன. சொந்தப் பிரதி செல்லரித்திருந்தால் அங்கே வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

வேர்டில் பக்கம் கட்டுதல்

யூனிகோடாக மாற்றிய பிறகே பழைய அலங்காரத்தைத் துடைக்க வேண்டும். கன்ட்ரோல்+ஸ்பேஸ் எழுத்து அலங்காரத்தோடு எழுத்துருவையும் சேர்த்து நீக்கிவிடும். மாற்றுவதற்கு முன் அதை அழுத்தினால் எது தமிழ், எது ஆங்கிலம் என்பதே தெரியாமல்போகும்.

தாள் அளவை மூலத்தோடு பொருத்துங்கள். டெம்மி 1/8 என்றால் 5.5 x 8.5 அங்குலம். ஸ்டைல் நான்கு போதும்: பெரிய தலைப்பு, சிறு தலைப்பு, உடல் உரை, படவிளக்கம். ஃபான்ட் பெட்டியில் தமிழுக்கான எழுத்துருவும் அளவும் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் தனியே இருக்கின்றன. மேலே உள்ள இடத்தில் 12 என்று மாற்றிவிட்டு, தமிழ் மட்டும் அசையவே இல்லையே என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான். நிர்மலா யுஐ விண்டோஸ் 8 முதல் கணினியிலேயே உண்டு. வேறு எழுத்துரு வேண்டுமென்றால் ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் எம்பெட் ஃபான்ட்ஸ் தெரிவைப் போட்டுவிடுங்கள். கோப்பு கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பெயர் திருத்தப் போகும், அங்கே அந்த எழுத்துரு இருக்கும் என்று நம்ப முடியாது.

விளம்பரப் பக்கங்களை எழுத்தாக்க வேண்டாம், 300 டிபிஐ படமாக வைத்தால் போதும். புள்ளிப் பட்டியலை அட்டவணையாகவே வையுங்கள்: வரிசை எண், விலாசம் (பெயருக்கு முன்வரும் முன்னோர் பெயர்ச் சுருக்கம்), பெயர், ஊர், தொலைபேசி. ஸ்பேஸ் தட்டி நேராக்கிய பட்டியல் ஒரு பெயர் நீண்டதும் சரிந்துவிடும்.

"சித.பழ.ராம." என்பதுபோன்ற விலாச எழுத்துகள் தனிக் கவனம் கேட்பவை. ஓசிஆர் நடுப் புள்ளியை விழுங்கி இரண்டு தலைமுறையை ஒன்றாக்கிவிடும், வேர்டு வரி முடிவில் பாதியாக வெட்டிவிடும். விலாசத்துக்கும் பெயருக்கும் நடுவே கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஸ்பேஸ் போட்டால் இரண்டும் பிரியாது. புள்ளி விடுபட்டதா என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. அச்சுப் பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் திரையில் சரிபார்ப்பதே வழி.

கடைசிச் சோதனை

உயிர்க்குறி தவறான இடத்தில் நின்றால் திரையில் புள்ளி வட்டம் தெரியும். ஆனால் அந்த வட்டம் உரைக்குள் இல்லை, அதைத் தேடிப் பிடிக்க முடியாது. நோட்பேட்++இல் இதைத் தேடுங்கள்:

(^|[^க-ஹ])[ாிீுூெேைொோௌ்]

மெய்க்குப் பின்னால் அல்லாமல் அநாதையாக நிற்கும் குறிகளும், இரட்டித்த குறிகளும் எல்லாம் சிக்கும்.

ஔகாரத்தைத் தனியே பாருங்கள். பழைய எழுத்துருக்களில் அதன் வலப்பாதியை ள எழுத்தாலேயே தட்டியிருப்பார்கள், ஓசிஆரும் அப்படியே படிக்கும். "ஒளவை", "கெளரி", "பெளர்ணமி" வந்தால் ஔவை, கௌரி, பௌர்ணமி என்று திருத்துங்கள். ஒட்டுமொத்தமாக ரீப்ளேஸ் ஆல் கொடுக்கக் கூடாது, வெளி, தெளிவு, ஒளி எல்லாம் கெட்டுவிடும். துணைக்காலும் ர எழுத்தும் இடம் மாறியிருப்பது அடுத்த வழக்கமான பிழை. பட்டியலில் வரிசை எண்ணின் கடைசி எண் அச்சுப் பிரதியோடு பொருந்துகிறதா என்று ஊர் வாரியாகப் பாருங்கள். நன்கொடைத் தொகைகளை எக்செல்லில் கூட்டி மலரில் அச்சான மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் எந்த ஊர்ப் பக்கத்தில் வரி விடுபட்டது என்பதை அந்தந்தப் பக்கக் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும்.